அன்மவுண்ட் ஆகாத என்எஃப்எஸ்: மறுப்பது வேறு, மௌனமாக இருப்பது வேறு

என்எஃப்எஸ் என்பது இன்னொரு மெஷினில் (சர்வர்) இருக்கும் டைரக்டரியை நெட்வொர்க் வழியாக நம் மெஷினில் (கிளையண்ட்) மாட்டிக்கொள்ளும் முறை; மாட்டுவது மவுண்ட், கழற்றுவது அன்மவுண்ட். அப்படி ஒரு மவுண்டைக் கழற்ற முடியவில்லை என்று யாராவது வந்து சொன்னால் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். கட்டளையைக் கொடுத்த உடனே ‘டார்கெட் ஈஸ் பிஸி’ என்று பதில் வந்ததா, இல்லை பதிலே வராமல் டெர்மினல் அப்படியே நின்றுவிட்டதா? பலர் இந்த இரண்டையும் ‘அன்மவுண்ட் ஆகவில்லை’ என்று ஒரே வார்த்தையில் அடக்கிவிடுகிறார்கள். காரணமும் வேறு, வைத்தியமும் வேறு. முதலாவதில் கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, தெளிவாகவே பேசுகிறது: இந்த மவுண்டை யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் விடும்வரை கழற்ற மாட்டேன் என்கிறது. அப்படியென்றால் தேட வேண்டிய இடம் உங்கள் மெஷின். இரண்டாவதில் கர்னல் சர்வரிடம் எதையோ கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது, பதில் வரவில்லை. அங்கே தேட வேண்டியது சர்வரையும் இடையில் இருக்கும் நெட்வொர்க்கையும்.

இணையத்தில் தேடினால் இரண்டுக்கும் ஒரே மருந்துதான் கிடைக்கும்: கழற்றும் கட்டளையோடு மைனஸ் எஃப் (வலுக்கட்டாயம்) போடு, ஆகாவிட்டால் மைனஸ் எல் (சோம்பேறிக் கழற்றல்) போடு, அதுவும் ஆகாவிட்டால் ரீபூட் பண்ணு. இந்த வரிசையை யோசிக்காமல் ஓட்டுவதால்தான் பல இடங்களில் டேட்டா போகிறது என்பது என் கருத்து, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். இங்கே சொல்வதெல்லாம் பெரும்பாலும் லினக்ஸ் கிளையண்டைப் பற்றியது. இன்னொன்று, பேச்சில் அன்மவுண்ட் என்றாலும் கட்டளையின் பெயர் யுமவுண்ட்தான், நடுவில் ‘ன்’ கிடையாது. புதிதாக வருபவர்கள் பாதிப் பேர் முதலில் தடுக்குவது அங்கேதான்.

என்எஃப்எஸ் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று புரிய அதன் பிறப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் கொண்டுவந்தது இது. அப்போதைய வடிவமைப்பின் அடிப்படையே, சர்வர் எந்தக் கிளையண்டைப் பற்றியும் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதுதான். யார் எந்த ஃபைலைத் திறந்திருக்கிறார்கள் என்ற கணக்கு சர்வரிடம் கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் தனக்கு வேண்டிய எல்லாத் தகவலையும் தானே சுமந்துகொண்டு வரும். இதன் பலன் பெரியது. சர்வர் விழுந்து மறுபடி எழுந்தால், கிளையண்ட் அதே கோரிக்கையைத் திரும்ப அனுப்பும், வேலை விட்ட இடத்திலிருந்து தொடரும், நடுவில் ஓடிக்கொண்டிருந்த நிரலுக்குக் கொஞ்சம் தாமதமானது என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. 1995இல் வந்த மூன்றாம் பதிப்பும் இதே குணம்தான். ஆனால் இந்த நல்ல குணத்துக்கு ஒரு விலை உண்டு: சர்வர் திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் கிளையண்ட் காத்துக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு நேரம்? காலவரையே இல்லாமல்.

இந்தக் காத்திருப்புக்குப் பெயர்தான் ஹார்ட் மவுண்ட், லினக்ஸில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் கிடைப்பது இதுவே. டிசிபி வழியாக மவுண்ட் செய்யும்போது ‘டைமியோ’ என்ற ஆப்ஷனின் மதிப்பு 600. அது விநாடியின் பத்தில் ஒரு பங்கில் அளப்பது, ஆக 60 விநாடி. அந்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும், அடுத்த முறை இன்னும் கொஞ்சம் அதிகமாகக் காத்திருக்கும், சில முயற்சிகளுக்குப் பிறகு கர்னல் லாகில் ‘சர்வர் நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் ட்ரையிங்’ என்று எழுதிவிட்டு மேலும் முயன்றுகொண்டே இருக்கும். அந்த வரியின் கடைசி இரண்டு வார்த்தைகளைக் கவனியுங்கள், அது கைவிடவில்லை என்று அதுவே சொல்கிறது. சர்வர் திரும்பி வந்ததும் அதே லாகில் சர்வரின் பெயரோடு ‘ஓகே’ என்று ஒரு வரி விழும். உறைந்து நிற்கிறது என்று சந்தேகம் வந்த உடனே நான் முதலில் பார்ப்பது இந்த லாகைத்தான்.

அப்படியானால் சாஃப்ட் மவுண்ட் போட்டுவிடலாமே என்று தோன்றும். சாஃப்ட் என்றால் குறிப்பிட்ட தடவை முயன்ற பிறகு நிரலுக்கு உள்ளீடு-வெளியீட்டுப் பிழை என்று திருப்பிவிடும், உறைதல் இருக்காது. படிக்க மட்டும் பயன்படும் மவுண்டுக்கு அது சரி. எழுதுகிற மவுண்டில் நான் போட மாட்டேன், போடச் சொல்லவும் மாட்டேன். ஏனென்றால் ஏராளமான நிரல்கள் எழுதும்போதும் ஃபைலை மூடும்போதும் வரும் பிழையைப் பார்ப்பதே இல்லை. நெட்வொர்க் இரண்டு நிமிடம் தடுமாறினால் போதும், ஃபைலின் நடுவில் ஒரு துண்டு எழுதப்படாமல் போயிருக்கும், நிரலோ வேலை முடிந்தது என்று சந்தோஷமாக வெளியேறியிருக்கும். உறைந்து நிற்பது எரிச்சலாக இருந்தாலும் அது டேட்டாவைக் காக்கிறது.

சரி, இப்போது உறைந்த மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் விதி: அந்த மவுண்டைத் தொடாதீர்கள். நிலைமையைப் பார்க்கலாமே என்று டிஎஃப் கொடுத்தால் அது ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்திடமும் இடம் எவ்வளவு என்று கேட்கும், இந்த மவுண்டிடம் கேட்கும்போது அதுவும் மாட்டிக்கொள்ளும். மேல் டைரக்டரியில் போய் எல்எஸ் கொடுத்தாலும் அப்படித்தான். சாதாரண எல்எஸ் தப்பிக்கும், ஆனால் இன்று பெரும்பாலான லினக்ஸ் மெஷின்களில் எல்எஸ் என்பதற்கு வண்ணம் சேர்க்கும் ஆப்ஷன் ஒட்டியிருக்கிறது, வண்ணம் கொடுக்க ஒவ்வொரு பெயரையும் அது விசாரிக்கும், உறைந்துபோகும். பாதையைத் தட்டும்போது டேப் அடித்தால் ஷெல்லே நின்றுவிடும். இப்படி நான்கைந்து டெர்மினலைப் பலி கொடுத்துவிட்டு, ‘மெஷினே ஹேங் ஆகிவிட்டது’ என்று முடிவுகட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். மெஷின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது அந்த ஒரு மவுண்டும் அதைத் தொட்டவர்களும் மட்டுமே.

தொடாமல் பார்க்க வழி இருக்கிறது. கர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் ப்ராக் டைரக்டரிக்குள் இருக்கும் மவுண்ட்ஸ் என்ற ஃபைலைப் படியுங்கள், அது கர்னலின் சொந்தப் பட்டியல், சர்வரிடம் எதுவும் கேட்காது. டிஎஃப் வேண்டுமென்றால் மைனஸ் எல் சேர்த்து உள்ளூர் டிஸ்குகளை மட்டும் பாருங்கள். யார் மாட்டியிருக்கிறார்கள் என்று அறிய புராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையில் நிலையையும், கர்னலில் எங்கே காத்திருக்கிறது என்று காட்டும் ‘டபிள்யூசான்’ என்ற பத்தியையும் சேர்த்துக் கேளுங்கள். நிலை என்ற இடத்தில் ‘டி’ என்று இருந்தால் அந்தப் புராசஸ் இடையூறு செய்ய முடியாத உறக்கத்தில் இருக்கிறது. டபிள்யூசான் பத்தியில் ஆர்பிசி (சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் முறை) அல்லது என்எஃப்எஸ் என்று தொடங்கும் கர்னல் ஃபங்ஷனின் பெயர் இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை, அது சர்வரின் பதிலுக்காகக் காத்திருக்கிறது. இதே புராசஸ்கள்தான் லோடு ஆவரேஜை ஏற்றிவிடுகின்றன. லினக்ஸில் அந்தக் கணக்கில் ‘டி’ நிலையில் இருப்பவையும் சேரும், அதனால் சிபியு சும்மா இருக்கும்போதே லோடு 40, 50 என்று காட்டும். அப்படி ஒரு காட்சியைக் கண்டால் நான் டிஸ்கையும் என்எஃப்எஸ்ஸையும்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

‘டி’ நிலையில் இருப்பதைக் கில் மைனஸ் 9 கூடக் கொல்லாது என்று காலம் காலமாகச் சொல்லப்படுகிறது. இது இப்போது பாதி உண்மைதான். 2008இல் வந்த லினக்ஸ் 2.6.25இல் ‘கொல்லத்தக்க உறக்கம்’ என்ற இடைநிலை ஒன்றைச் சேர்த்தார்கள், என்எஃப்எஸ் காத்திருப்புகள் அதற்கு மாறின. ஆகவே சர்வருக்காகக் காத்திருக்கும் புராசஸ் கில் மைனஸ் 9க்கு இன்று பெரும்பாலும் கட்டுப்படும். சாதாரண கில் போதாது, 9தான் வேண்டும். பழைய குறிப்புகளில் வரும் ‘இன்டர்’ என்ற மவுண்ட் ஆப்ஷனை அன்றிலிருந்து கர்னல் கண்டுகொள்வதே இல்லை, அதைச் சேர்ப்பதால் ஒரு பயனும் கிடையாது. அப்படியும் சாகாதவை எவை என்றால், ஒரு புராசஸ் டைரக்டரியின் பூட்டைப் பிடித்துக்கொண்டு சர்வருக்காகக் காத்திருக்க, இன்னும் பத்துப் பேர் அந்தப் பூட்டுக்காகக் காத்திருப்பார்களே, அந்தப் பத்துப் பேர். அவர்களைக் கொல்ல முடியாது, பூட்டைப் பிடித்திருப்பவரைக் கொல்ல வேண்டும். டபிள்யூசான் பத்தியில் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டு, ஆர்பிசி என்று காட்டுகிற ஒருவரைத் தேடிப் பிடித்தால் மீதிப் பேர் தாமாகவே விடுபடுவதைப் பல முறை கண்டிருக்கிறேன்.

ஆனால் கொல்வதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது, அதைத்தான் பெரும்பாலானவர்கள் தவறவிடுகிறார்கள்: சர்வரை மீட்க முடியுமா என்று பாருங்கள். சர்வர் திரும்பி வந்தால் எல்லாம் தானாகச் சரியாகும், கேஷில் தேங்கியிருக்கும் எழுதப்படாத டேட்டாவும் போய்ச் சேரும். பிங் கிடைக்கிறது என்பதை வைத்து சர்வர் நலம் என்று நினைத்துவிடாதீர்கள், 2049ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இடையில் யாராவது ஃபயர்வால் விதியை மாற்றியிருக்கலாம், சர்வரின் ஐபி மாறியிருக்கலாம். லேப்டாப்பில் வேலை செய்பவர்களுக்கு அடிக்கடி நடப்பது விபிஎன் அறுந்துபோவது. மவுண்ட் செய்தது விபிஎன் வழியாக, இப்போது விபிஎன் இல்லை, கிளையண்ட் என்றென்றைக்கும் காத்திருக்கும். இதற்கு மைனஸ் எஃப், மைனஸ் எல் எதுவும் வேண்டாம். விபிஎன்னை மறுபடி இணையுங்கள், ஒரு நிமிடம் பொறுங்கள், பிறகு முறையாகக் கழற்றுங்கள். இவ்வளவுதான்.

பதில் வந்தும் ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ என்று வந்தால் அது மூன்றாவது வகை. சர்வர் உயிரோடு இருக்கிறது, ஆனால் நீங்கள் கையில் வைத்திருக்கும் அடையாளச் சீட்டு அதற்குப் புரியவில்லை. ஏற்றுமதி செய்த, அதாவது சர்வர் மற்ற மெஷின்களுக்குத் திறந்து கொடுத்த, டைரக்டரியை யாரோ நீக்கி மறுபடி உருவாக்கியிருப்பார்கள், அல்லது அடியில் இருந்த டிஸ்கை மாற்றியிருப்பார்கள். பெயர் அதேதான், உள்ளே இருப்பது வேறு. இங்கே மீட்க எதுவும் இல்லை, கழற்றி மறுபடி மாட்டுவதுதான் ஒரே வழி, வலுக்கட்டாய ஆப்ஷன்களைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

இனி ‘பிஸி’ வகைக்கு வருவோம். இதில் பாதிச் சம்பவங்களில் குற்றவாளி உங்கள் ஷெல்தான். அந்த டைரக்டரிக்குள் நின்றுகொண்டே கழற்றச் சொன்னால் எப்படிக் கழலும்? இந்த டெர்மினல் வெளியே வந்துவிட்டது என்றாலும், அரை மணி நேரத்துக்கு முன் டிமக்ஸில் (பல டெர்மினல்களை ஒன்றாக வைத்திருக்கும் நிரல்) திறந்து வைத்த இன்னொன்று உள்ளேயே இருக்கும். ஃபியூசர் கட்டளையை ‘வி’, ‘எம்’ இரண்டு ஆப்ஷன்களோடும் ரூட்டாக ஓட்டினால் ஆட்கள் யார் என்று தெரியும். ரூட்டாக இல்லாவிட்டால் மற்றவர்களின் புராசஸ்கள் கண்ணுக்குப் படாது, யாருமே இல்லை என்று தவறாக நினைப்பீர்கள். வரும் பட்டியலில் ‘சி’ என்ற எழுத்து இருந்தால் அதற்குள் நின்றுகொண்டிருக்கிறது, ‘எஃப்’ இருந்தால் ஃபைல் திறந்திருக்கிறது, ‘இ’ என்றால் அங்கிருந்து நிரலை ஓட்டிக்கொண்டிருக்கிறது, ‘எம்’ என்றால் ஃபைலை மெமரியில் விரித்து வைத்திருக்கிறது. பெரிய எழுத்து ‘எஃப்’ வந்தால் எழுதுவதற்காகத் திறந்திருக்கிறது என்று பொருள், அதை யோசிக்காமல் கொன்றுவிடாதீர்கள்.

ஃபியூசரின் ‘கே’ ஆப்ஷன் பிடித்திருப்பவர்கள் எல்லாரையும் ஒரே அடியில் கொல்லும். அதில் ஒரு பயங்கரமான பொறி இருக்கிறது. நீங்கள் கொடுத்த பாதை அந்த நேரத்தில் மவுண்ட் ஆகியிருக்காவிட்டால், அது வெறும் டைரக்டரி, அது இருப்பது ரூட் ஃபைல் சிஸ்டத்தில். ‘எம்’ ஆப்ஷனின் பொருள் இந்தப் பாதை எந்த ஃபைல் சிஸ்டத்தில் இருக்கிறதோ அதைப் பயன்படுத்தும் எல்லாரும் என்பது. ஆக மெஷினில் ஓடுகிற ஏறக்குறைய எல்லாவற்றையும் கொன்றுவிடும். இதைத் தடுக்கவே பெரிய எழுத்து ‘எம்’ என்று தனி ஆப்ஷன் இருக்கிறது, பாதை உண்மையான மவுண்ட் பாயிண்டாக இருந்தால்தான் வேலை செய்யும். ஸ்கிரிப்டில் எழுதி வைப்பவர்கள் தயவுசெய்து இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்எஸ்ஓஎஃப்பும் இதே வேலையைச் செய்யும், இன்னும் விரிவாகக் காட்டும், ஆனால் சர்வர் போய்விட்ட நேரத்தில் அதுவும் மாட்டிக்கொள்ளும் இனம். கர்னலில் தடைபடக்கூடிய அழைப்புகளைத் தவிர்க்க அதற்கு ‘பி’ என்ற ஆப்ஷன் இருக்கிறது. அதைவிட நம்பகமானது ப்ராக் டைரக்டரியில் ஒவ்வொரு புராசஸின் ‘சிடபிள்யூடி’ (அது நிற்கும் டைரக்டரி), ‘எஃப்டி’ (திறந்திருக்கும் ஃபைல்கள்) இணைப்புகளையும் ரீட்லிங்க் வைத்து வாசித்துப் பாதையைத் தேடுவது. இணைப்பின் பெயரை மட்டும் படிப்பதால் சர்வரைத் தொடாது.

ஃபியூசரும் எல்எஸ்ஓஎஃப்பும் யாரையும் காட்டவில்லை, ஆனாலும் பிஸி என்கிறது. இங்கேதான் பலரும் பொறுமை இழந்து மைனஸ் எல் போடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், புராசஸ் அல்லாத பிடிகள் உண்டு. அந்த மவுண்டுக்குள் இன்னொரு மவுண்ட் இருக்கலாம், உள்ளே இருப்பதைக் கழற்றாமல் வெளியே இருப்பது கழலாது. என்எஃப்எஸ்ஸில் இருக்கும் ஐஎஸ்ஓ ஃபைலையோ டிஸ்க் இமேஜையோ யாராவது லூப் டிவைஸாக, அதாவது ஃபைலையே ஒரு டிஸ்க் போல, மாட்டியிருக்கலாம், அப்போது ஃபைலைத் திறந்து வைத்திருப்பது கர்னலே, புராசஸ் பட்டியலில் எதுவும் தெரியாது. லோசெட்டப் மைனஸ் ஏ கொடுத்துப் பாருங்கள். அந்தப் பாதையையே உங்கள் மெஷினும் வெளியே ஏற்றுமதி செய்கிறது என்றால் என்எஃப்எஸ் சர்வர் திரெட்கள் பிடித்திருக்கலாம்.

இதன் தலைகீழான நிலைமை ஒன்றும் உண்டு, எனக்கு ஒரு முழு இரவைத் தின்றது அதுதான். அன்மவுண்ட் கட்டளை எந்தப் புகாரும் இல்லாமல் முடிந்தது. பட்டியலில் மவுண்ட் இல்லை. ஆனால் சர்வர் பக்கத்தில் அந்தக் கிளையண்டின் டிசிபி இணைப்பு அப்படியே உயிரோடு இருந்தது. சர்வரை நிறுத்தினால் கிளையண்ட் லாகில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வர ஆரம்பித்தது. மவுண்டே இல்லாத மெஷின் யாருக்காகக் காத்திருக்கிறது? விடை மவுண்ட் நேம்ஸ்பேஸ், அதாவது சில புராசஸ்களுக்கென்று இருக்கும் தனி மவுண்ட் பட்டியல். அந்த மெஷினில் ஒரு கன்டெய்னர் (தனிச் சூழலில் அடைத்து ஓட்டும் நிரல்) ஓடிக்கொண்டிருந்தது, என்எஃப்எஸ் பாதையை அதற்குள் பைண்ட் மவுண்டாக, அதாவது அதே டைரக்டரியை இன்னொரு இடத்திலும் காட்டும்படி, கொடுத்திருந்தார்கள். கன்டெய்னரை ஓட்டும் டாக்கர் வழக்கமாக அதைத் தனிப்பட்டதாகவே வைக்கும், வெளியே கழற்றியது உள்ளே போய்ச் சேராது. நான் வெளியே என் பிரதியைக் கழற்றினேன், உள்ளே அதன் பிரதி இருந்தது, அடியில் இருக்கும் ஃபைல் சிஸ்டம் ஒன்றுதான், கடைசிப் பிரதி போகும்வரை அது சாகாது. கன்டெய்னர் என்றில்லை, லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி தன் சர்வீஸ்களில் சிலவற்றைத் தனி நேம்ஸ்பேஸில் ஓட்டும், அங்கேயும் இது நடக்கலாம். கண்டுபிடிப்பது எளிது: ப்ராக் டைரக்டரியில் எல்லாப் புராசஸ்களின் மவுண்ட்இன்ஃபோ ஃபைல்களிலும் சர்வரின் பெயரைக் கிரெப் கட்டளையால் தேடுங்கள். எந்தப் புராசஸ் எண்ணில் இன்னும் தென்படுகிறதோ அதுதான் பிடித்திருப்பவர்.

இப்போது அந்த இரண்டு புகழ்பெற்ற ஆப்ஷன்கள். மைனஸ் எஃப் என்பது வலுக்கட்டாயம் என்ற பெயரில் இருந்தாலும் அது செய்வது குறுகிய ஒரு வேலை. காத்துக்கொண்டிருக்கும் ஆர்பிசி கோரிக்கைகளைப் பிழை கொடுத்து முடித்துவைக்கும், பிறகு வழக்கம்போலக் கழற்றப் பார்க்கும். அதனால் உறைந்த வகைக்கு இது உதவலாம், பிஸி வகைக்கு உதவாது, ஏனென்றால் திறந்த ஃபைலை வைத்திருக்கும் புராசஸ் இன்னும் இருக்கிறது. ஒரு முறை தோற்றால் இரண்டு மூன்று முறை கொடுத்துப் பாருங்கள், முதல் முறையில் பிழை வாங்கிய புராசஸ்கள் அடுத்த கோரிக்கையை அனுப்பிவிட்டு மறுபடி காத்திருக்கத் தொடங்கியிருக்கும். எழுதப்படாத டேட்டா போய்விடும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். பாதையை முழுமையாக, சிம்லிங்க் எதுவும் இல்லாமல் கொடுங்கள். யுமவுண்ட் பாதையைச் சரிபார்க்கப் போய் அதுவே உறைவது நடக்கிற விஷயம், அந்தச் சரிபார்ப்பைத் தவிர்க்க மைனஸ் சி என்ற ஆப்ஷனும் இருக்கிறது.

மைனஸ் எல், அதாவது சோம்பேறிக் கழற்றல், 2001இல் லினக்ஸ் 2.4.11இல் வந்தது. இது உடனே வெற்றி என்று சொல்லும், அதுதான் இதன் கவர்ச்சியும் ஆபத்தும். அது செய்வதெல்லாம் டைரக்டரி மரத்திலிருந்து அந்த மவுண்டைப் பிரித்துப் பார்வையிலிருந்து மறைப்பது மட்டுமே. ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் புராசஸ் அப்படியே எழுதிக்கொண்டிருக்கும். எல்லாரும் விட்ட பிறகு எப்போதோ ஒரு நாள் உண்மையான கழற்றல் நடக்கும், அது நடந்ததா என்று கேட்க வசதியான வழி கிடையாது. இதற்குப் பிறகு சர்வரில் பராமரிப்பு வேலையைத் தொடங்கினால், கிளையண்ட் யாரும் இல்லை என்று நம்பித் தொடங்குகிறீர்கள், ஆனால் கிளையண்ட் இருக்கிறது. நெட்வொர்க் ஃபைல் சிஸ்டத்தில் இதைப் பயன்படுத்தினால் சீக்கிரமே ரீபூட் எதிர்பார்க்கலாம் என்று யுமவுண்டின் கையேடே எச்சரிக்கிறது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, இதை அறிந்தவர்கள் குறைவு. மைனஸ் எல் போட்டுவிட்டு அதே இடத்தில் மறுபடி மவுண்ட் செய்தால் புதிதாகத் தொடங்குகிறோம் என்று நினைப்போம். ஒரே சர்வர், ஒரே ஏற்றுமதி, ஒரே ஆப்ஷன்கள் என்றால் லினக்ஸ் கிளையண்ட் ஏற்கெனவே இருக்கும் ஃபைல் சிஸ்டத்தைத்தான் பகிர்ந்துகொள்ளும். மறைந்திருக்கும் பழையது இன்னும் சாகவில்லை என்றால், புதிய மவுண்ட் அதே பழைய உறைந்த இணைப்பின் மேல் போய் உட்காரும். ‘மறுபடி மவுண்ட் செய்தும் ஹேங் ஆகிறது’ என்று வரும் புகார்களில் நான் முதலில் தேடுவது, முன்பு யாராவது மைனஸ் எல் போட்டார்களா என்பதைத்தான்.

ஒரு புராசஸ் ஃபைலை மூடாமல் இருக்கும்போதே அதை நீக்கினால் என்எஃப்எஸ் கிளையண்ட் அதை உண்மையில் நீக்காது, புள்ளியில் தொடங்கி என்எஃப்எஸ் என்று வரும் ஒரு பெயருக்கு மாற்றி வைக்கும். சர்வருக்குத் திறந்த ஃபைல் என்ற கணக்கே இல்லாததால் வந்த ஏற்பாடு இது. அத்தகைய ஃபைலை நீக்கப் போய் பிஸி என்று வந்தால் கோபப்பட வேண்டாம், யாரோ இன்னும் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு நல்ல துப்பு அது. கிளையண்ட் நடுவில் செத்துப்போனால் இவை சர்வரில் குப்பையாகத் தங்கிவிடும், பழையவற்றைப் பார்த்து நீக்கிக்கொள்ளலாம்.

நான்காம் பதிப்பில் கதை கொஞ்சம் மாறுகிறது. அங்கே சர்வர் கணக்கு வைத்துக்கொள்கிறது: யார் எதைத் திறந்தார்கள், யார் எதைப் பூட்டினார்கள் என்று. கிளையண்டுக்குக் குத்தகை போல ஒரு காலம் கொடுக்கும், லினக்ஸ் சர்வரில் வழக்கமாக 90 விநாடி, அதற்குள் புதுப்பிக்காவிட்டால் அதன் பூட்டுகளை எடுத்து வேறொருவருக்குக் கொடுக்கச் சர்வருக்கு உரிமை உண்டு. ஆகவே கிளையண்டை மைனஸ் எஃப்பில் அறுத்தால் சர்வரில் மிச்சம் கொஞ்ச நேரம் தங்கும். சர்வரில் அடியில் இருக்கும் ஃபைல் சிஸ்டத்தையே கழற்ற முடியாமல் போவதும் பெரும்பாலும் இதனால்தான். எக்ஸ்போர்ட்எஃப்எஸ் வைத்து ஏற்றுமதியை நிறுத்துங்கள், அதுவும் போதாவிட்டால் என்எஃப்எஸ் சர்வீஸை நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள். மூன்றாம் பதிப்பில் வேறொரு சிறு தொல்லை: கழற்றும்போது கிளையண்ட் சர்வரின் மவுண்ட் சர்வீஸுக்கு ஒரு தகவல் சொல்லப் பார்க்கும், அந்த போர்ட்டை ஃபயர்வால் அடைத்திருந்தால் காரணமில்லாமல் தாமதமாவது போலத் தெரியும். காத்திருங்கள், முடிந்துவிடும்.

ஷட்டவுன் நேரத்தில் வரும் உறைதலுக்கு மூல காரணம் பெரும்பாலும் வரிசைதான், நெட்வொர்க் முதலில் போய்விடுகிறது, மவுண்ட் பிறகு கழற்றப்படுகிறது. திரையில் ‘எ ஸ்டாப் ஜாப் ஈஸ் ரன்னிங்’ என்று வந்து 90 விநாடி எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். என்எஃப்எஸ் என்று எஃப்ஸ்டாபில் (மவுண்டுகளைப் பட்டியலிட்டு வைக்கும் ஃபைல்) எழுதியிருந்தால் அது நெட்வொர்க்கைச் சார்ந்தது என்று சிஸ்டம்டிக்குத் தானாகவே தெரியும். தெரியாதவை இரண்டு: என்எஃப்எஸ்ஸில் இருக்கும் ஃபைலை லூப்பாக மாட்டிய மவுண்ட், அதற்கு ‘நெட்டெவ்’ ஆப்ஷனை நீங்கள்தான் எழுத வேண்டும். அடுத்தது விபிஎன் வழியாகப் போகும் மவுண்ட், விபிஎன் சர்வீஸை அது சார்ந்திருக்கிறது என்று ‘எக்ஸ் சிஸ்டம்டி ரிக்வயர்ஸ்’ என்ற ஆப்ஷனில் சொல்ல வேண்டும், அப்போதுதான் மவுண்ட் கழன்ற பிறகு விபிஎன் நிற்கும். எப்போதாவது மட்டும் தேவைப்படும் மவுண்டுகளை ஆட்டோமவுண்டாக மாற்றிவிடுவது எனக்கு மிகவும் பிடித்த தீர்வு. தொடும்போது மாட்டிக்கொள்ளும், சும்மா இருந்தால் குறிப்பிட்ட நேரத்தில் தானே கழன்றுவிடும். சர்வர் விழும் நேரத்தில் மவுண்ட் இல்லாமலே இருக்க வாய்ப்பு அதிகம்.

சர்வர் நிரந்தரமாகப் போய்விட்டது, கில்லுக்கும் மைனஸ் எஃப்புக்கும் கட்டுப்படவில்லை, ரீபூட்டும் செய்ய முடியாத மெஷின் என்றால் பழைய கைவேலை ஒன்று இருக்கிறது. செத்துப்போன சர்வரின் ஐபியை வேறொரு என்எஃப்எஸ் சர்வருக்குத் தற்காலிகமாகக் கொடுங்கள். மூன்றாம் பதிப்பு மவுண்டாக இருந்தால், பழைய ஹேண்டிலைப் பார்த்து அது ‘ஸ்டேல்’ என்று பதில் சொல்லும், காத்திருந்தவர்கள் பிழை வாங்கிக்கொண்டு வெளியேறுவார்கள், பிறகு கழற்றலாம்.

ரீபூட்தான் என்று முடிவானால் அதற்கும் முறை உண்டு. சாதாரண ரீபூட் இதே மவுண்டைக் கழற்றப் பார்த்து அங்கேயே நிற்கும். போவதற்கு முன் சிங்க் கொடுப்போம் என்று தட்டினால் அது எல்லா ஃபைல் சிஸ்டத்தையும் எழுதப் பார்த்து அதுவும் உறையும். உள்ளூர் டிஸ்குகள் ஒவ்வொன்றுக்கும் சிங்க் மைனஸ் எஃப் என்று பாதையோடு தனித்தனியாகக் கொடுங்கள், அது அந்த ஒரு ஃபைல் சிஸ்டத்தை மட்டும் எழுதும். டேட்டாபேஸ் போன்ற சர்வீஸ்களைக் கையால் நிறுத்துங்கள். அதன் பிறகு ப்ராக் டைரக்டரியில் சிஸ்ஆர்க்யூ ட்ரிக்கர் ஃபைலில் ‘பி’ என்ற ஒரு எழுத்தை எழுதுங்கள், யாரையும் கேட்காமல் மெஷின் அந்த நொடியே ரீபூட் ஆகும்.